மில்டன் வந்தும் ஒன்றும் ஆகவில்லையே, அப்புறம் எதற்கு ஓட வேண்டும்?

கேட்டவர் ஃப்ளோரிடாவில் டாம்பாவுக்கு வேலை மாற்றலாகி வந்தவர். 2024 அக்டோபரில் மில்டன் புயலுக்காகக் கைக்குழந்தையோடு அட்லாண்டா வரை காரில் போய், நான்கு நாள் ஓட்டலில் தங்கிவிட்டுத் திரும்பியிருக்கிறார். வந்து பார்த்தால் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. விரிகுடாவில் கடல் பொங்குவதற்குப் பதிலாக வற்றிப்போன படத்தைத்தான் எல்லோரும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். மேயரோ தங்கினால் செத்துப்போவீர்கள் என்று தொலைக்காட்சியில் சொன்னவர். "இதெல்லாம் பில்டப்தானே, அடுத்த முறை வீட்டிலேயே இருந்துவிடலாமா" என்பது அவருடைய கேள்வி.

நேராகவே சொல்லிவிடுகிறேன். எச்சரிக்கையில் மிகை இல்லை. ஆனால் நீங்கள் அட்லாண்டா வரை போயிருக்க வேண்டுமா என்பது தனிக் கேள்வி, அதற்குப் பதில் பெரும்பாலும் "வேண்டாம்" என்றுதான் வரும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இவ்வளவு கோபம். நான் 2004-இலிருந்து ஹியூஸ்டனில் இருக்கிறேன், வடிகால் மற்றும் வெள்ளக் கணக்கு பார்க்கும் சிவில் இன்ஜினியர். ஓடத் தேவையில்லாத நேரத்தில் ஓடிப் பட்டவன் என்பதால் உங்கள் எரிச்சல் எனக்கு நன்றாகவே புரிகிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வற்றிப்போன விரிகுடா. வடக்கு அரைக்கோளத்தில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் அது கரையைக் கடக்கும்போது, புயலின் கண்ணுக்கு, அதாவது நடுப்பகுதிக்கு, தெற்கே இருக்கும் ஊர்களில் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடித்துத் தண்ணீரை உள்ளே தள்ளும், வடக்கே இருக்கும் ஊர்களிலோ கரையிலிருந்து கடலை நோக்கி அடித்து இருக்கிற தண்ணீரையும் வெளியே இழுத்துவிடும். மில்டன் அக்டோபர் 9 இரவு சரசோட்டாவுக்குப் பக்கத்தில் சியஸ்டா கீயில் கரையேறியது. டாம்பா விரிகுடா அதற்கு வடக்கே இருந்தது, அதனால் வற்றியது. 2017-இல் இர்மாவின்போதும் 2022-இல் இயனின்போதும் இதே விரிகுடா இதே மாதிரி வற்றியிருக்கிறது. அதே மில்டன் இன்னும் சில பத்து மைல் வடக்கே, விரிகுடாவின் வாய்க்கு மேலே ஏறியிருந்தால், இழுத்த காற்றே தள்ளும் காற்றாக மாறியிருக்கும். கரையேறுவதற்கு முந்தைய நாள் உங்கள் பகுதிக்குச் சொல்லப்பட்ட கடல் ஏற்றம் 10 முதல் 15 அடி. (புயல் காற்று கடலை மொத்தமாகத் தள்ளிக்கொண்டு வந்து நிலத்தின் மேல் ஏற்றுவதைத்தான் கடல் ஏற்றம் என்று எழுதுகிறேன், அலையின் உயரம் இதற்கு மேல் தனி.) அந்த 15 அடிக்கும் நீங்கள் பார்த்த வற்றிய சேற்றுக்கும் இடையில் இருந்தது அந்தச் சில பத்து மைல்தான்.

இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாதா என்று கேட்பீர்கள். முன்பைவிட எவ்வளவோ துல்லியமாகிவிட்டது, மூன்று நாள் முன்னால் சொல்லும் பாதையின் சராசரிப் பிழை 1990-இல் இருந்ததில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஆனாலும் இரண்டு நாள் முன்னால் கண் எங்கே வரும் என்று சொல்வதில் இன்றும் சராசரியாகச் சுமார் 70 மைல் தவறும். சராசரி என்றால் அதைவிட அதிகமாகத் தவறும் நாட்களும் உண்டு. விரிகுடாவைச் சுற்றியிருக்கும் லட்சக்கணக்கான பேரை சில பாலங்களிலும் நாலைந்து ஹைவேக்களிலும் வெளியே அனுப்ப ஒரு நாளுக்கு மேல் ஆகும். பாதை உறுதியாகத் தெரியும் வரை காத்திருந்தால் தெரியும்போது சாலையில் காற்று அடித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் மயாமியில் இருக்கும் தேசிய ஹரிக்கேன் (பெரும்புயல்) மையம், பலத்த காற்று தொடங்குவதற்கு 36 மணி நேரம் முன்பே எச்சரிக்கை விடுகிறது, அகலமான கரைக்கு விடுகிறது. அந்த அகலத்தில் பெரும்பகுதிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பது விடுகிறவர்களுக்கே தெரியும். எந்தப் பகுதி தப்பும் என்பதுதான் அவர்களுக்கும் தெரியாது.

புயல் போகும் பாதையைக் காட்ட அந்த மையம் போடும் வெள்ளைக் கூம்புப் படத்தைப் பலரும் தவறாகப் படிக்கிறார்கள், படித்தவர்களே படிக்கிறார்கள். கூம்பு காட்டுவது புயலின் நடுப்புள்ளி எங்கே போகலாம் என்பதை மட்டும். கடந்த ஐந்து வருடத்துப் பிழைகளை வைத்து, மூன்றில் இரண்டு தடவை நடுப்புள்ளி உள்ளே விழும்படி அந்தக் கூம்பைப் போடுகிறார்கள். அதாவது மூன்றில் ஒரு தடவை வெளியே போவது படத்தின் கணக்கிலேயே உண்டு. புயல் எவ்வளவு பெரியது, தண்ணீர் எங்கே ஏறும், மழை எங்கே கொட்டும் என்பதெல்லாம் அதில் கிடையாது. கூம்புக்கு வெளியே இருந்தால் தப்பித்தோம் என்று நினைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு நீங்கள் வேறு ஊரைப் பார்க்கவே வேண்டாம். மில்டனுக்கு இரண்டு வாரம் முன்பு, செப்டம்பர் 26-இல், ஹெலீன் வந்ததே, அது உங்களுக்கு நூறு மைலுக்கு மேல் தள்ளிக் கடலிலேயே போய், வெகுதூரம் வடக்கே பெர்ரி என்ற ஊர்ப்பக்கம் கரையேறியது. உங்கள் விரிகுடாவில் தண்ணீர் 6 அடிக்கு மேல் ஏறியது, பக்கத்துப் பினெல்லஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி) கடலோர வீடுகளில் ஆட்கள் மூழ்கி இறந்தார்கள். டாம்பா ஜெனரல் மருத்துவமனையைத் தண்ணீர் சூழ்ந்தது, முன்கூட்டியே சுற்றிலும் நட்டு வைத்திருந்த தடுப்புச் சுவர் தாங்கியதால் உள்ளே சிகிச்சை நிற்காமல் நடந்தது. அந்தச் சுவரை நடும்போது யாராவது இது மிகையான ஏற்பாடு என்று சொல்லியிருப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள். புயலோ ஊருக்கு வரவே இல்லை.

டாம்பாவுக்கு வருவதாகச் சொல்லி வேறு ஊருக்குப் போன புயல்களும் உண்டு. அவற்றை நீங்கள் பொய்யான எச்சரிக்கை என்று கணக்கு வைப்பீர்கள், அந்த வேறு ஊரில் இருப்பவர் எப்படி வைப்பார் என்பதையும் பார்க்க வேண்டும். 2004 ஆகஸ்ட் 13-இல் சார்லி டாம்பாவை நோக்கி வரும் என்று படத்தில் கோடு போட்டிருந்தார்கள். கடைசி மணிநேரங்களில் வலது பக்கம் வெட்டித் திரும்பிப் புன்டா கோர்டா பக்கம் மணிக்கு 150 மைல் காற்றோடு ஏறியது. புன்டா கோர்டா எச்சரிக்கை எல்லைக்குள்தான் இருந்தது. ஆனால் மக்கள் நடுவில் இருந்த அந்த மெல்லிய கோட்டை மட்டும் பார்த்துவிட்டு, கோடு வடக்கே போகிறது, நமக்கு இல்லை என்று இருந்துவிட்டார்கள்.

2022-இல் இயன் அதே பாடத்தை இன்னும் கொடுமையாகச் சொன்னது. ஆரம்ப நாட்களில் டாம்பா டாம்பா என்றே எல்லோரும் பேசினார்கள். ஃபோர்ட் மையர்ஸ் கூம்பின் தெற்கு ஓரத்தில் இருந்தது. அக்கம்பக்கத்துக் கவுண்டிகள் செப்டம்பர் 26-ஆம் தேதியே வெளியேற்ற உத்தரவு போட்டுவிட்டன, ஃபோர்ட் மையர்ஸ் இருக்கும் லீ கவுண்டியில் 27 காலையில்தான் போட்டார்கள், 28 மதியம் புயல் கரையில் இருந்தது. ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் கடல் 10 முதல் 15 அடி வரை ஏறியது. இயனின் கடல் ஏற்றத்தில் மட்டும் 40 பேருக்கு மேல் மூழ்கி இறந்தார்கள், பெரும்பாலோர் அந்த ஒரே கவுண்டிக்காரர்கள், நிறைய பேர் வயதானவர்கள். தண்ணீர் ஏறலாம் என்ற முன்கணிப்பு அவர்களுக்கும் முன்பே வெளியாகியிருந்தது. உத்தரவு ஒரு நாள் தாமதம் என்பதை எழுதும்போது சின்ன விஷயம் மாதிரித் தெரிகிறது, 80 வயதுக்காரர் ஒருவர் மருந்தை எடுத்துக்கொண்டு, மகனுக்குப் போன் செய்து, கார் ஏற்பாடு செய்து கிளம்ப அந்த ஒரு நாள்தான் வேண்டியிருந்தது.

சரி, இனி உங்கள் பக்கத்து நியாயம். ஓட்டமும் ஆளைக் கொல்லும். அதை நான் நேரிலேயே பார்த்தேன்.

2005 செப்டம்பர். காத்ரீனா நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, கூரை மேல் நின்று கையசைத்தவர்களின் படம் எல்லார் கண்ணிலும் இருந்தது. அப்போது மெக்சிகோ வளைகுடாவில் ரீட்டா கேட்டகரி 5, அதாவது காற்றின் வேகத் தரவரிசையின் உச்சம், ஆனது, ஹியூஸ்டனை நோக்கி வருகிறது என்றார்கள். நாங்கள் இருந்தது நகரின் வடமேற்கில், கடலிலிருந்து ஐம்பது மைலுக்கு மேல் உள்ளே, இரண்டாம் மாடி அபார்ட்மென்ட். எங்கள் பகுதிக்கு உத்தரவே கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் போகிறார், ஆபீஸில் எல்லோரும் போகிறார்கள், கடலூரிலிருந்து அம்மா அழுதுகொண்டே போன் செய்கிறார், எட்டு மாதப் பெண்குழந்தை வேறு. கிளம்பிவிட்டோம். டாலஸ் போகும் ஹைவேயில் பதினான்கு மணி நேரத்தில் நாற்பது மைல்கூடப் போகவில்லை. வெளியே 38 டிகிரி வெயில், பெட்ரோல் தீர்ந்துவிடும் என்று ஏசியை அணைத்துவிட்டுக் குழந்தைக்கு ஈரத்துணி போர்த்தி உட்கார்ந்திருந்தோம். வழியில் ஒரு பங்கிலும் பெட்ரோல் இல்லை. ஓரத்தில் நின்றுபோன கார்கள், மயங்கிக் கிடந்தவர்கள். கடைசியில் ஒரு குறுக்குச் சாலையில் திரும்பி வீட்டுக்கே வந்துவிட்டோம். ரீட்டா கிழக்கே விலகி லூசியானா எல்லையில் ஏறியது. எங்கள் பால்கனித் தொட்டியில் இருந்த துளசிச் செடிகூடச் சாயவில்லை.

அந்த ஓட்டத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். புயலின் காற்றிலும் தண்ணீரிலும் நேரடியாக இறந்தவர்களைவிட அது பலமடங்கு. டாலஸுக்குக் கொஞ்சம் தெற்கே முதியோர் இல்லத்துக்காரர்களை ஏற்றிப் போன பேருந்து தீப்பிடித்து 23 பேர் கருகினார்கள். போனவர்கள் மொத்தம் 25 லட்சத்துக்கு மேல் இருக்கும், அதில் பெரும்பகுதி எங்களை மாதிரிப் போகவேண்டிய அவசியமே இல்லாதவர்கள். நாங்கள் சாலையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில், உண்மையிலேயே போயாக வேண்டிய கால்வெஸ்டன் கடலோரத்துக்காரர்கள் எங்கள் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு உறுத்தும்.

இந்த ஊர் அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: தண்ணீரைக் கண்டால் ஓடு, காற்றைக் கண்டால் ஒளிந்துகொள். இதற்குப் பின்னால் இருப்பது இறப்புக் கணக்கு. 1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் அட்லாண்டிக் புயல்களில் நேரடியாக இறந்தவர்களைப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேர் தண்ணீரால் இறந்தவர்கள், கடல் ஏற்றத்தில் மட்டும் ஏறக்குறையப் பாதி. காற்றால் இறந்தவர்கள் மிகக் குறைவு. தண்ணீரின் பலம் நமக்குக் கண்ணால் பார்த்துப் புரிவதில்லை, அதுதான் சிக்கல். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. ஓடும் தண்ணீர் அரையடி இருந்தால் ஆள் நிற்க முடியாது, ஒரு அடி சின்னக் காரைத் தூக்கிவிடும், இரண்டடி எஸ்யூவியையும் இழுத்துப்போகும். நான் பிறந்த கடலூரில் 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்தது, பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. நம் ஊர் நினைவில் புயல் என்றாலே விழுந்த மரம், பறந்த கூரை. அதனால் இங்கே வந்த பிறகும் நாம் காற்றின் வேகத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கேட்டகரி எண்ணும் அதே தவறைத்தான் செய்ய வைக்கிறது. 1, 2, 3 என்று போடுவது காற்றை மட்டும் வைத்து. 2008-இல் ஐக் கால்வெஸ்டனில் ஏறியபோது வெறும் கேட்டகரி 2. தேசிய வானிலை சேவை, தாழ்வான கரையில் தனி வீட்டில் தங்குகிறவர்கள் நிச்சய மரணத்தைச் சந்திக்கலாம் என்று எழுதியது, அப்போதும் ரொம்ப மிகை என்று பேசினார்கள். பக்கத்தில் பொலிவர் தீபகற்பத்தில் கடல் 15 அடிக்கு மேல் ஏறித் தெருத்தெருவாக வீடுகளைத் துடைத்துவிட்டது. நான் வேலை விஷயமாகச் சில மாதம் கழித்துப் போனபோது மணலில் நட்ட கட்டைக்கால்கள் மட்டும் வரிசையாக நின்றன, எந்தக் கால் எந்த வீட்டுடையது என்று சொல்ல ஆள் இல்லை. 2018-இல் ஃப்ளோரன்ஸ் நாலிலிருந்து ஒன்றுக்கு இறங்கிவிட்டது என்று வட கரோலினாவில் பலர் நிம்மதியானார்கள், மெதுவாக நகர்ந்து 30 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. 2024 ஜூலையில் எங்கள் ஊருக்கு வந்த பெரிலும் கேட்டகரி 1-தான், 22 லட்சம் இணைப்புகளுக்கு மேல் மின்சாரம் போனது, எங்கள் வீட்டில் எட்டு நாள் கரண்ட் இல்லை. தெற்கு டெக்சாஸுக்குப் போகும் என்று முதலில் சொன்னதால் இங்கே யாரும் தண்ணீர்க் கேன்கூட வாங்கி வைத்திருக்கவில்லை.

ஒரு முறை ஒன்றும் ஆகாவிட்டால் அடுத்த முறை நம்பமாட்டார்கள் என்ற பயம் அதிகாரிகளுக்கும் உண்டு, அது நியாயமான பயம். 2011 ஆகஸ்டில் ஐரீனுக்காக நியூயார்க் நகரம் தாழ்வான பகுதிகளிலிருந்து 3.7 லட்சம் பேரை வெளியேறச் சொன்னது, வானிலைக்காகச் சுரங்க ரயிலை முழுதாக முன்கூட்டியே நிறுத்தியது அதுவே முதல் தடவை. வந்தபோது புயல் வலுவிழந்திருந்தது, நகரத்தில் பெரிய சேதம் இல்லை, வீண் ஆர்ப்பாட்டம் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அதே நேரம் வடக்கே வெர்மான்ட்டில் ஐரீனின் மழை பாலங்களையும் சாலைகளையும் அடித்துக்கொண்டு போனதை நகரத்துக்காரர்கள் கவனிக்கவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபர் 29-இல் சாண்டி வந்தது. உத்தரவு இருந்தும் ஏராளமானோர் வீட்டிலேயே இருந்தார்கள், போன வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்பதையும் அதற்குக் காரணமாகச் சொன்னார்கள். மன்ஹாட்டன் தென்முனையில் தண்ணீர் 14 அடி மட்டத்தைத் தொட்டது, நகரத்தில் 43 பேர் இறந்தார்கள், அதில் பாதிக்கு மேல் ஸ்டேட்டன் தீவில். சாண்டியில் எச்சரிக்கைக்காரர்கள் பக்கமும் ஒரு தப்பு நடந்தது. கரையேறும்போது அது வெப்பமண்டலப் புயலாக இருக்காது, வேறு வகையாக மாறிவிடும் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, ஹரிக்கேன் மையம் வட கரோலினாவுக்கு வடக்கே ஹரிக்கேன் எச்சரிக்கையே விடவில்லை. ஹரிக்கேன் எச்சரிக்கை இல்லை என்றால் ஹரிக்கேன் இல்லை என்றுதான் சாதாரண ஆள் புரிந்துகொள்வான். அடுத்த ஆண்டே அந்த விதியை மாற்றிவிட்டார்கள்.

எச்சரிக்கையைக் கேட்டு எல்லோரும் தப்பித்துவிட்டால் அது மிகை மாதிரியே தெரியும் என்பதற்கு 2020-இல் லூசியானாவில் ஏறிய லாராவைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. பிழைக்க முடியாத கடல் ஏற்றம் என்ற சொல்லையே ஹரிக்கேன் மையம் பயன்படுத்தியது. கேமரன் பக்கம் 12 அடிக்கு மேல் ஏறியது. கொஞ்சம் கிழக்கே தள்ளிப் போனதால் லேக் சார்ல்ஸ் நகரத்தில் பயந்த அளவு ஏறவில்லை, உடனே பார்த்தீர்களா சும்மா பயமுறுத்தினார்கள் என்றார்கள். அமெரிக்காவில் லாராவின் கடல் ஏற்றத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. கேமரன்காரர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள், அதனால். ஆனால் அதே புயலுக்குப் பிறகு வீட்டுக்குள்ளும் கராஜிலும் ஜெனரேட்டர் ஓட்டி, கார்பன் மோனாக்சைடு புகையில் தூக்கத்திலேயே இறந்தவர்கள் பலர். 2017-இல் இர்மாவுக்குப் பிறகு ஃப்ளோரிடாவின் ஹாலிவுட் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் ஏசி நின்று வெக்கையில் 12 பேர் இறந்தார்கள், தெரு எதிரிலேயே ஆஸ்பத்திரி இருந்தது.

எச்சரிக்கையே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் இங்கே நடந்து பார்த்ததுதான். 1900 செப்டம்பர் 8-இல் கால்வெஸ்டனில் குறைந்தது 6,000 பேர் இறந்தார்கள், அமெரிக்க வரலாற்றில் இயற்கைப் பேரிடரில் அதிகம் பேர் இறந்தது அதில்தான். அப்போது ஹரிக்கேனை நன்றாகப் படித்து வைத்திருந்தவர்கள் கியூபாவின் வானிலையாளர்கள். அவர்கள் தேவையில்லாமல் பீதி கிளப்புகிறார்கள் என்று சொல்லி, அமெரிக்க வானிலைத் துறை அவர்களுடைய தந்திகளையே தடுத்து வைத்திருந்தது. புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் போகும் என்று கியூபாக்காரர்கள் கணித்தார்கள், வாஷிங்டன் அதை ஏற்காமல் கிழக்குக் கரைக்கு எச்சரிக்கை விட்டுக்கொண்டிருந்தது. மிகைப்படுத்துகிறார்கள் என்ற உங்கள் அதே குற்றச்சாட்டை ஒரு அரசுத் துறையே நம்பிய நேரம் அது. நூற்றிருபது வருடத்துக்கு மேல் தள்ளி, 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகபுல்கோவில் ஓட்டிஸ் 24 மணி நேரத்துக்குள் சாதாரணப் புயலிலிருந்து கேட்டகரி 5 ஆனது, எந்தக் கணினி மாதிரியும் அதைக் காட்டவில்லை. மக்கள் சாதாரண மழை என்று படுக்கப் போனார்கள்.

ஆனால் குறை சொல்ல வேண்டியவர்களும் இருக்கிறார்கள். எச்சரிக்கை விடும் மையம், வெளியேறச் சொல்லும் கவுண்டி, நாள் முழுதும் கத்தும் தொலைக்காட்சி, இந்த மூன்றும் நம் காதில் ஒரே குரலாக விழுகிறது. மையத்தின் அறிக்கையைப் படித்தால் நிதானமாக, எந்தக் கரையில் எத்தனை அடி என்று எழுதியிருக்கும். தொலைக்காட்சியில் நிருபர் காற்றில் தடுமாறுவார். ஃப்ளோரன்ஸின்போது அப்படி ஒருவர் தடுமாறிக்கொண்டிருக்க, பின்னால் இரண்டு பேர் அரைக்கால் சட்டையோடு சாதாரணமாக நடந்துபோன காட்சியை உலகமே பார்த்தது. அந்த மாதிரி ஒரு காட்சி, பத்து வருடமாகக் கட்டிய நம்பிக்கையைக் கெடுத்துவிடும், இதில் எனக்கு உண்மையான கோபம் உண்டு. உங்கள் மேயர் ஜேன் காஸ்டர் சொன்னது வெளியேற்ற உத்தரவு இருக்கும் பகுதிக்காரர்களைப் பார்த்து. கேட்டதோ ஊர் முழுக்க, உங்களையும் சேர்த்து. 15 அடி தண்ணீர் வரப்போகும் ஒரு மாடி வீட்டில் இருப்பவருக்கு அந்தச் சொல் பொருத்தமானதுதான், வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. பத்து மைல் உள்ளே மேட்டில் இருப்பவருக்கு அது பொருந்தவே பொருந்தாது, அவர் அட்லாண்டாவுக்குக் கிளம்பினால் முன்னவர் போகும் சாலைதான் அடைபடும்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது ஊர் அளவில் யோசிக்காதீர்கள், விலாச அளவில் யோசியுங்கள் என்பதுதான். ஹில்ஸ்பரோ கவுண்டியிலும் பினெல்லஸிலும் கடல் ஏற்றத்தை வைத்து ஏ முதல் ஈ வரை வெளியேற்றப் பகுதி பிரித்திருக்கிறார்கள், விலாசத்தைப் போட்டால் எழுத்து வந்துவிடும். ஏ என்றாலோ, வீடு மொபைல் ஹோம் என்னும் நகரும் வீடு வகை என்றாலோ, உத்தரவு வந்ததும் பேச்சில்லாமல் கிளம்புங்கள். எத்தனை தடவை வீணாகப் போனாலும் சரி. ஆனால் நூற்றுக்கணக்கான மைல் வேண்டாம், பகுதிக்கு வெளியே மேட்டில் இருக்கும் நண்பர் வீடு, இருபது முப்பது மைல், போதும். எந்தப் பகுதியிலும் வராத, உறுதியான வீடு என்றால் தங்குவதுதான் சரி. 2002-இல் மாநிலம் முழுதுக்கும் வந்த கட்டட விதிப்படி கட்டிய வீடுகள் காற்றை நன்றாகவே தாங்குகின்றன. 1992-இல் ஆண்ட்ரூ ஹோம்ஸ்டெட்டைத் தரைமட்டமாக்கிய பிறகு வந்த விதி அது. சார்லியில் அடிபட்டுப் புது விதிப்படி திரும்பக் கட்டிய புன்டா கோர்டா, இயனில் ஓரளவு நன்றாகவே நின்றது. ஆனால் மில்டன் கரையேறும் முன்பே கிழக்குக் கரையில் செயின்ட் லூசி கவுண்டியில் சுழல்காற்று இறங்கி, நகரும் வீடுகளில் இருந்த ஆறு பேரைக் கொன்றது, அதனால் வீட்டின் வகையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உள்நாடு என்றாலும் ஆறும் ஓடையும் பக்கத்தில் இருந்தால் அது வேறு கணக்கு. ஹெலீனில் அதிகம் பேர் இறந்தது கடலே இல்லாத வட கரோலினா மலைப்பகுதியில்.

தங்குவதென்றால் சில நாளைக்குத் தண்ணீர், மருந்து, குழந்தைக்குப் பால் பவுடர், பவர் பேங்க், ரொக்கம், கழிவறைக்கு ஊற்றக் குளியல் தொட்டியில் நிரப்பிய தண்ணீர். கண்ணாடியில் டேப் ஒட்டாதீர்கள், அதனால் ஒரு பயனும் இல்லை, பெரிய துண்டுகளாக உடைந்து விழும், அவ்வளவுதான். ப்ளைவுட் அல்லது ஷட்டர் போடுங்கள். ஜெனரேட்டர் வாங்கினால் வீட்டைவிட்டு 20 அடி தள்ளித் திறந்த வெளியில் மட்டும் ஓட்டுங்கள், மழை நனைக்கிறது என்று கராஜுக்குள் இழுக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாமல் இந்த வாரமே செய்துவிடுங்கள். இங்கே வீட்டு இன்ஷூரன்ஸ் வெள்ளத்துக்குப் பணம் தராது. ஹார்வி 2017-இல் நான்கு நாள் மழையைக் கொட்டியபோது, ஹியூஸ்டன் மேற்கில் பார்க்கர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய குடியிருப்புகளில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் பல இடுப்பளவு தண்ணீரில் படகில் வெளியே வந்தார்கள், அதற்குப் பிறகுதான் தங்கள் பாலிசியில் வெள்ளம் இல்லை என்பதே பாதிப் பேருக்குத் தெரிந்தது. அரசு வெள்ளக் காப்பீடு எடுத்தால் சாதாரணமாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும், புயல் டிவியில் தெரிந்த பிறகு எடுத்துப் பிரயோசனமில்லை. சீசன் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30 வரை போகும். உங்கள் வீட்டின் பகுதி எழுத்து என்ன, தரைத்தளம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி, எந்த வருடம் கட்டியது, இந்த மூன்றையும் பார்த்து எழுதுங்கள். போவதா தங்குவதா, போனால் எங்கே என்று புயல் இல்லாத இந்த நேரத்திலேயே உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளலாம்.